நாகபுரி ஆரஞ்சும் நம் கடமையும்



நமக்குப் பிழைப்பளிக்கும் இந்நாகபுரி ஆரஞ்சுக்குப் பேர்போனது. 2014-ஆம் ஆண்டில் அக்கனிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும், பல்பொருள் அங்காடிகளில் நம் கண்ணைப் பறிப்பது எகிப்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்த, சீட்டு ஒட்டிய பழமே.

அதன் பளபளப்பு மெழுகுப் பூச்சால் வந்தது. இறுகிய தோல் கப்பல் பயணத்துக்கு உதவுவது. நம் ஆரஞ்சின் தோலோ தளர்ந்தது. பழுத்த பின்பும் பச்சை படர்ந்திருப்பதுண்டு. அது குறையன்று, குழந்தையும் எளிதில் உரித்துண்ணலாம். சரக்குக் கணக்கெழுதும் நான் ஒன்று சொல்வேன்: தொலைவு தாங்கும் வலிமை வேறு, சுவை வேறு.

உரிய விலையின்றி மரங்களையே வெட்டிய விதர்ப்ப உழவர் உளர். அவர்தம் மண்ணில் வாழும் நாம், பருவத்தில் சந்தைக்குச் சென்று அவர் விளைத்ததை வாங்குவோம். அதுவே நம் நன்றிக்கடன்.