உராய்வு: விதியா, மாதிரியா?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உராய்வைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இரண்டு விதி, ஒரு சமன்பாடு, நன்மை தீமை ஐந்து மதிப்பெண், பாடம் முடிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கீழ் வகுப்பு மாணவர் பலர் "தொடு பரப்பு கூடினால் உராய்வு கூடும்" என்று எழுதுகிறார்கள். அதே மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் "உராய்வு தொடு பரப்பைச் சார்ந்ததல்ல" என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நாம் 'சரி' போடுகிறோம். எது உண்மை என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

இந்தச் சந்தேகம் பெரியவர்களுக்கும் வந்ததுதான். 1699இல் பாரிஸ் அறிவியல் அகாதெமியில் அமோந்தோன் என்பவர், உராய்வு பளுவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும், பரப்பைச் சார்ந்திருக்காது என்றார். முதல் பாதியை ஏற்றுக்கொண்ட அவையினருக்கு இரண்டாம் பாதியில் நம்பிக்கை வரவில்லை. லா ஹீர் என்ற உறுப்பினர் தாமே சோதித்துப் பார்த்து உறுதி செய்தார். இதையெல்லாம் லியோனார்டோ டா வின்சி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேடுகளில் வரைந்து வைத்திருந்தார். அவை வெளிவராததால் ஒருவருக்கும் பயன்படவில்லை. பிறகு கூலும் வந்தார். மின்னூட்ட விதியில் நாம் நடத்துகிறோமே, அதே கூலும்தான். ராணுவப் பொறியாளரான அவர், ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தையும் உலோகத்தையும் இழுத்துப் பார்த்து, 1785இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

இது வரை சொன்னது அளவீடு. காரணம் என்ன?

கரும்பலகையில் நாம் வரையும் படம் உங்களுக்குத் தெரியும். இரண்டு ரம்பப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும். சொரசொரப்பு மாட்டிக்கொள்வதால் உராய்வு என்பது அந்தப் படத்தின் பொருள். இந்தப் படத்தின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. 1804இலேயே ஜான் லெஸ்லி கேட்ட கேள்வி இது: பல்லின் சரிவில் ஏறும்போது செலவிட்ட ஆற்றல், மறுபக்கம் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிட வேண்டுமே? அப்படியானால் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு எங்கிருந்து வருகிறது? நம் படத்தில் அதற்கு விடை இல்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம், "சார், ரெண்டு கண்ணாடித் தகடும் வழவழன்னுதானே இருக்கு, ஏன் ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது?" என்று கேட்டாள். வழவழப்பானால் உராய்வு குறையும் என்று அன்றுதான் நடத்தியிருந்தார்கள். அந்தப் பெண் பாடத்தைக் கவனிக்காதவள் அல்ல. பொருளையும் சேர்த்துக் கவனித்தவள். 1720களில் டெஸாகுலியே, இரண்டு ஈயக் குண்டுகளைச் சற்றே சீவி, அந்த முகங்களை ஒன்றோடொன்று அழுத்தித் திருகி ஒட்டவைத்துக் காட்டினார். அவர் கண்டதைத்தான் இவளும் கண்டிருக்கிறாள்.

விடை வரத் தொடங்கியது 1939இல். பௌடன், டேபர் என்ற இருவர், தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்களின் வழியே மின்சாரம் செலுத்தி மின்தடையை அளந்தார்கள். உண்மையில் தொடும் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சிறு பங்கே என்று தெரிந்தது. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டலாம். பத்து கிலோ இரும்புக் கனசதுரத்தின் பக்கம் சுமார் 10.8 செ.மீ. அடிப்பரப்பு ஏறத்தாழ 11,700 சதுர மி.மீ. எடை சுமார் 100 நியூட்டன். மென்மையான எஃகு, ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,000 நியூட்டன் தாங்கும். அதற்கு மேல் நசுங்கும். ஆகவே கட்டியை எஃகுப் பலகையில் வைத்தால், நுண்ணிய மேடுகளின் முனைகள் நசுங்கி நசுங்கி, மொத்தத் தொடுபரப்பு 0.1 சதுர மி.மீ. வந்ததும் நசுங்குவது நின்றுவிடும். பேனாவால் வைத்த ஒரு புள்ளியைவிடச் சிறியது அது. அடிப்பரப்பில் லட்சத்தில் ஒரு பங்கு!

இனி எல்லாம் தானாக வருகிறது. அந்த முனைகள் ஒட்டிக்கொள்கின்றன. இழுப்பது என்றால் அந்த ஒட்டுகளை அறுப்பது. பளு இரட்டித்தால் உண்மைத் தொடுபரப்பு இரட்டிக்கும், உராய்வும் இரட்டிக்கும். கட்டியைப் படுக்கவைத்தாலும் நிறுத்திவைத்தாலும் பளு ஒன்றே, ஆகவே உண்மைத் தொடுபரப்பும் ஒன்றே. அமோந்தோனின் இரண்டு விதிகளும் ஒரே கணக்கிலிருந்து கிடைத்துவிட்டன. உராய்வு தொடுபரப்பைச் சார்ந்ததா என்றால், உண்மைத் தொடுபரப்பைச் சார்ந்தது, கண்ணுக்குத் தெரியும் பரப்பைச் சார்ந்ததல்ல. நம் மாணவர்களின் இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் விடுபட்டுப்போனது இந்த ஒரு வேறுபாடுதான்.

இந்த மாதிரியும் முழுமையானதல்ல. இதன்படி உலோகங்களின் உராய்வுக் குணகம் ஐந்தில் ஒன்று அல்லது ஆறில் ஒன்று அளவில் வரவேண்டும். சுத்தமான உலர்ந்த உலோகங்களில் அதைவிட நன்றாகவே கூடுதலாக வருகிறது. இழுக்கும்போதே ஒட்டுகள் பெரிதாகின்றன என்று டேபர் பின்னர் திருத்தம் சொன்னார். மேடுகள் நசுங்காமல் ரப்பரைப் போல மீளும் தன்மையோடு இருந்தால்? 1966இல் கிரீன்வுட், வில்லியம்சன் இருவரும் அதற்கும் வழி கண்டார்கள். மேடுகளின் உயரம் பலவிதமாக இருப்பதால், பளு கூடும்போது புதிய மேடுகள் தொடத் தொடங்குகின்றன. பந்திக்கு ஆள் கூடினால் இலையைப் பெரிதாக்குவதில்லை, இலைகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறோம். அதுபோல, தொடும் இடத்தின் சராசரி அளவு மாறாது. தொடும் இடங்களின் எண்ணிக்கை கூடும். நேர்விகிதம் மறுபடியும் வந்துவிடுகிறது. ஆனாலும் மென்மையான டயர் ரப்பரில் பளு கூடும் அளவுக்குத் தொடுபரப்பு கூடுவதில்லை, குணகம் குறைகிறது. அகலமான டயரைப் பற்றி மாணவர் கேட்டால், "விதி இருக்கிறது, உட்கார்" என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே அந்த விதி சரியாகப் பொருந்துவதில்லை.

நேரம் குறைவு என்பதால் ஒன்றை மட்டும் தொட்டுச் செல்கிறேன். அசையாமல் கிடக்கும் நேரம் கூடக் கூட நிலை உராய்வும் சிறிது சிறிதாகக் கூடுகிறது. மரத்தில் கூலும் அதைக் கண்டார். பாறைகளில் டீட்டெரிக் அளந்தபோது, ஒரு விநாடியிலிருந்து பத்து விநாடிக்குள் எவ்வளவு கூடியதோ, பத்திலிருந்து நூறு விநாடிக்குள்ளும் ஏறத்தாழ அவ்வளவே கூடியது. பூமியின் பிளவுப் பரப்புகள் பல்லாண்டுகள் இறுகிக் கிடந்து திடீரென வழுக்குவதுதான் நிலநடுக்கம் என்று 1966இல் பிரேஸ், பயர்லி இருவரும் முன்வைத்த கருத்து இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டிருக்கிறது. சாக்பீஸ் பலகையில் கிறீச்சிடுவதும் ஒட்டி வழுக்கும் இதே இயக்கம்தான். நம்மிடம் ஆய்வகம் இல்லை என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

பின்வரிசை மேசையில் ஆறு செங்கற்களும் சுருள்வில் தராசுகளும் நூலும் வைத்திருக்கிறேன். தேநீருக்குப் பிறகு குழுவாகப் பிரிந்து, ஒரே செங்கல்லை மூன்று முகங்களிலும் வைத்து மெதுவாக இழுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து எழுதுங்கள். அளவுகள் ஒன்றுபோல் வராது. வராததை அழித்துத் திருத்தாமல், வந்தது வந்தபடியே கொண்டுவாருங்கள். அடுத்த அமர்வில் அவற்றை வைத்துத்தான் பேசப்போகிறோம்.