கணினிச் சங்கத்தின் மாதக் கூட்டமும் கிராமத்தாரும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் கணினிப் பணியாளர் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கணினி என்பது இன்னது என்று விளக்குவதற்காக நாங்கள் இங்கு வரவில்லை. தங்கள் பட்டாவும் சிட்டாவும் அதனுள் சென்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தங்கள் பிள்ளைகளின் சட்டைப் பையில் அது தொலைபேசி உருவில் இருந்து வருகிறது. கணினித் தொழிலில் உள்ளவர்கள் மாதந்தோறும் ஓரிடத்திற் கூடிச் சொற்பொழிவு கேட்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதனைப் பற்றியும், அக்கூட்டத்தில் தங்களுக்கு என்ன வேலை என்பதைப் பற்றியுமே பேச விரும்புகிறோம்.

இவ்வழக்கம் கணினியின் வயதையே ஒத்தது. 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'எனியாக்' என்னும் கணிக்கும் இயந்திரம் வெளியுலகிற்குக் காட்டப்பெற்றது. சுமார் 18,000 வால்வுகளும் 30 டன் எடையும் கொண்ட அவ்வியந்திரம் ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக் கொண்டது. அத்தகைய இயந்திரங்கள் விரல் விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்த காலத்தில், 1947 செப்டம்பர் 15-ஆம் நாள், நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் அத்தொழிலில் ஈடுபட்டோர் கூடிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பிரிட்டனில் 1957-லும் நம் இந்தியாவில் 1965-லும் அது போன்ற சங்கங்கள் தோன்றின. பின்னர் ஊர்தோறும் கிளைகள் ஏற்பட்டன. பகலில் வேலை பார்த்தவர்கள் மாலையிற் கூடுவார்கள்; ஒருவர் பேசுவார்; மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். நல்ல விதை கண்டவன் அதைப் பக்கத்து வயற்காரனுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதும் இதே முறைதான் அல்லவா?

இக்கூட்டங்களிற் பேசியவர்களுள் ஓர் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிரேஸ் ஹாப்பர் என்பது அவர் பெயர். 1906-இற் பிறந்தவர், கணிதப் பேராசிரியையாக இருந்து, போர்க் காலத்தில் கடற்படையிற் சேர்ந்தவர், எண்களால் மட்டுமே ஏவப்பட்டு வந்த இயந்திரத்தை மனித மொழிச் சொற்களால் ஏவுவதற்கு வழி கண்டவர்களுள் முன்னணியில் நின்றவர். 1986-இல் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 79.

அவர் பேசப் போகும் இடமெல்லாம் கம்பித் துண்டுகளைக் கட்டாகக் கொண்டு செல்வார். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம். நம் முழத்தைவிடக் குறைவு. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக் கூடிய தூரம் அவ்வளவே. விண்ணிலுள்ள துணைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடற்படைத் தலைவர்கள் கேட்கும்போது, இங்கிருந்து துணைக்கோள் வரையில் இத்தகைய துண்டுகள் எத்தனை கோடி வேண்டும் பாருங்கள் என்று அதனை நீட்டிக் காட்டுவாராம். விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்ட, ஏறக்குறைய 300 மீட்டர்க் கம்பியைச் சுருளாகச் சுற்றி எடுத்து வருவார். நூறு கோடியில் ஒரு பங்கையும் ஆயிரமாகப் பிரித்தால் என்னவாகும் என்பதற்கு, மிளகுத் தூள் பொட்டலத்தைக் காட்டுவார்.

கேட்டவர்கள் அத்துண்டுகளை வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். எவ்வளவோ பெரிய சொற்பொழிவுகளை நாங்களும் கேட்டிருக்கிறோம். பெரும்பாலானவை அரங்க வாயிலைத் தாண்டுவதற்குள் மறந்துவிட்டன. தங்கள் ஊருக்கு வந்து தொழில்நுட்பம் பேசுவோர் கையில் ஒரு பொருளும் இல்லாமல் பேசினால், பொருளைக் காட்டுங்கள் ஐயா என்று தாங்கள் தயங்காமற் கேட்கலாம்.

கேட்போர் நடந்து கொள்ள வேண்டிய முறைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1975 மார்ச் 5-ஆம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒருவர் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் சுமார் முப்பது பேர் கூடினர். சிறு கணினியைத் தாமே செய்து பார்க்கும் ஆவல் கொண்ட பொறியாளர்களும் பொழுதுபோக்காளர்களும் அவர்கள். கூட்டம் வளர்ந்து பெரிய அரங்கிற்கு மாறிய பின்னர் லீ பெல்சன்ஸ்டைன் என்பார் அதனை நடத்தி வந்தார். முதற் பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தம்மிடம் இருப்பது இன்னது, தமக்கு வேண்டுவது இன்னது என்று சொல்ல வேண்டும். அடுத்த பகுதியில், இருப்பவரும் வேண்டுவோரும் ஒருவரையொருவர் தேடிச் சென்று பேசிக் கொள்ளலாம். ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞர் தாம் அமைத்த கணினியை இக்கூட்டத்திற்குக் கொண்டு வந்து காட்டி, அதன் வரைபடத்தையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அதுவே 1976-இல் 'ஆப்பிள்' நிறுவனத்தின் முதற் கணினியாக விற்பனைக்கு வந்தது. கிராம சபையிலும் இம்முறையை ஒருநாள் நடத்திப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

இனி எங்கள் சங்கத்தில் நடந்த ஒன்று. எங்கள் கூட்டம் மாவட்டத் தலைநகரில் ஒரு கல்லூரி அறையில் நடைபெறும். பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை பற்றி வெளியூர் நிபுணர் ஒருவர் ஒருநாள் பேசிக் கொண்டிருந்தார். எங்களில் ஒருவரின் தந்தையார் ஊரிலிருந்து வந்திருந்தவர், பின்வரிசையில் அமர்ந்திருந்தார்; நெல்லும் கடலையும் பயிரிடுபவர். பேச்சு முடிந்ததும் எழுந்து, மடித்து வைத்திருந்த இரண்டு காகிதங்களை நீட்டினார். "பட்டாவில் என் பெயர் சண்முகம். பாங்கியில் ஷண்முகம். உதவித் தொகையில் இரண்டு தவணை வரவில்லை. ஆள் நான் ஒருவன்தானே? உங்கள் இயந்திரத்துக்கு அது ஏன் தெரியவில்லை?" என்றார். அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

நிபுணர் கரும்பலகைக்குச் சென்றார். கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும் என்று தொடங்கினார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் 'யூனிகோடு' என்னும் ஏற்பாடு 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழும் உண்டு. அதன்படி 'அ' என்பது 2949. 'க' என்பது 2965. 'கு' என்று எழுதினால் 2965-ம், உகரக் குறிக்கு உரிய 3009-ம் ஆக இரண்டு எண்கள். 'ச' என்பது 2970. 'ஷ' என்பது 2999. வெற்றிடத்திற்கும் எண் உண்டு, அது 32. முதலெழுத்துக்குப் பின் வைக்கும் புள்ளிக்கு 46. ஆகவே, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுமாறு ஏவப்பட்ட கணினியின் கண்ணில் சண்முகமும் ஷண்முகமும் இரு வேறு மனிதர்கள். புள்ளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அப்படியே. ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ் மட்டும் இட்டுத் தொடங்குவோரும் எஸ்-எச் இட்டுத் தொடங்குவோரும் இருப்பதால் குழப்பம் இன்னும் பெருகுகிறது.

பெரியவர் விடவில்லை. "அப்படியானால் ஒன்றுக்கொன்று நெருங்கிய பெயரை ஒரே ஆளாகக் கொள்ளும்படி அதற்குச் சொல்லக் கூடாதா?" என்றார். சொல்லலாம், அதற்கு முறைகள் உண்டு என்று நிபுணர் ஒப்புக் கொண்டார். ஆனால் மிகவும் தளர்த்திவிட்டால் பக்கத்து ஊர்ச் சண்முகத்தின் பணம் இவருக்கு வரும். இவர் பணம் அவருக்குப் போகும். எவ்வளவு தளர்த்துவது, ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்பவற்றை இயந்திரம் முடிவு செய்வதில்லை. அதற்கு ஆணை எழுதுவோரும், எழுதச் சொல்வோரும் முடிவு செய்கின்றனர்.

அன்று வரை எங்களில் பலர், "கணினி ஏற்கவில்லை" என்று சொல்லி மக்களைத் திருப்பி அனுப்பியவர்கள்தாம். அவ்வாறு சொல்வது மழை பெய்யவில்லை என்று சொல்வது போன்றதன்று என்பதை அப்பெரியவர் எங்களுக்கு உணர்த்தினார். கணினி ஏற்கவில்லை என்று யாரேனும் தங்களிடம் சொன்னால், எந்த விதியினால் ஏற்கவில்லை, அவ்விதியை வகுத்தவர் யார், திருத்த வேண்டிய பதிவு எது என்று கேட்பது முற்றிலும் முறையான கேள்வியாகும். பெரியவருடைய பாங்கிப் பதிவு பின்னர்த் திருத்தப்பட்டது. அதற்கு மூன்று முறை அவர் நகரத்திற்கு அலைய வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் கூட்டத்தின் முன்வரிசையைக் கிராமத்தாருக்கு ஒதுக்கியிருக்கிறோம். கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். ஊருக்கு ஒருவரோ இருவரோ வந்தால் போதும். வரும்போது, பெயரோ புல எண்ணோ பரப்போ பொருந்தாமல் நிற்கும் பட்டா நகல்களையும் பாங்கிப் புத்தகங்களையும் கையோடு எடுத்து வாருங்கள். கரும்பலகை ஆயத்தமாக இருக்கும்.