நுளம்பு மருந்துப் போத்தலின் பின்பக்கம்

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியனும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். சென்ற ஒன்றுகூடலில் ஒரு அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதனால்தான் இந்தத் தலைப்பில் பேச வந்தேன். "தம்பி, லீவுக்குப் பேரப்பிள்ளையளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறம். அங்க டெங்கு எண்டு சொல்லுகினம். இஞ்ச விக்கிற ஸ்பிரேயில கெமிக்கல் எண்டு சொல்லுகினம். நாங்கள் எதுக்குப் பயப்பிடுறது?" என்றார். அன்று எனக்கு வடிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் வாசித்து அறிந்ததை இன்று சொல்கிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் குளக்கரையில் சாப்பாடு வைத்தோம். "இயற்கை மூலிகை, இரசாயனம் இல்லை" என்று எழுதியிருந்த ஒரு கைப்பட்டியை வாங்கி மகளின் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். கையில் கட்டினது கையில் இருந்தது. காலிலும் கழுத்திலும் பிள்ளைக்கு இருபது கடிக்கு மேல். சொறிந்து சொறிந்து புண்ணாகி இரண்டு நாள் நித்திரை இல்லை. இங்கே நடந்ததால் புண்ணோடு போயிற்று. ஊரில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு சாமான் வெளியே போகிறதென்றால், அதை யார் பரிசோதித்தது, எப்படிப் பரிசோதித்தது, என்ன முடிவு என்று தாளில் இருக்க வேண்டும். பெட்டி வடிவாய் இருக்குது எண்டு ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டினம். தினமும் அந்த வேலை செய்கிற நான், பிள்ளையின் தோலுக்கு வாங்கின சாமானிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு ஃபிராடின், டே என்ற இரு ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 15 பேர் கையில் மருந்தைப் பூசிக்கொண்டு, நுளம்பு விட்ட கூண்டுக்குள் கையை வைத்தார்கள். முதல் கடி எத்தனை நிமிடத்தில் விழுகிறது என்று பார்த்தார்கள். நுளம்பும் டெங்கு பரப்புகிற ஏடீஸ் ஈஜிப்டியேதான். டீட் என்ற மருந்து 23.8 வீதம் உள்ள போத்தல் சராசரி 5 மணித்தியாலம் காப்பாற்றியது. சோயா எண்ணெயில் செய்த ஒன்று ஒன்றரை மணித்தியாலம் நின்றது. சிற்றோனெல்லா எண்ணெய் மருந்துகள் 20 நிமிடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. கைப்பட்டிகளோ அரை நிமிடம்கூட இல்லை. அவற்றில் ஒன்றில் டீட்டே இருந்தது, அதுவும் பயனில்லை. காரணம் எளிது: மருந்து பூசின தோலை மட்டும்தான் காக்கும். புதினா எண்ணெய்ப் பட்டி 120 மணித்தியாலம் காக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு கம்பனி மீது 2016இல் இந்த நாட்டு அரசின் வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. இயற்கை என்ற சொல் பரிசோதனை அல்ல.

அப்படியானால் எதை வாங்குவது? போத்தலின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஈ.பி.ஏ. பதிவு இலக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஈ.பி.ஏ. என்பது சுற்றாடல் பாதுகாப்புத் திணைக்களம். தோலில் பூசும் மருந்துக்கு அந்த இலக்கம் இருந்தால், அது வேலை செய்கிறதா, தீங்கு செய்யுமா என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். புதினா, சிற்றோனெல்லா போன்ற சில எண்ணெய் மருந்துகளுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. தீங்கு குறைவு என்பதால் விலக்கு. வேலை செய்யும் என்பதால் அல்ல.

அடுத்தது வீதக் கணக்கு. வீதம் கூடினால் மருந்து கடுமையாக நுளம்பைத் துரத்தும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வீதம் என்பது நேரம். டீட் 10 வீதம் என்றால் சுமார் 2 மணித்தியாலம். 24 வீதம் என்றால் சுமார் 5. ஐம்பதுக்கு மேலே போனால் நேரமும் பெரிதாகக் கூடாது. ஆகவே கோயில் தேருக்கு இரண்டு மணித்தியாலம் நிற்கிறவருக்கு 100 வீதப் போத்தல் வேண்டியதில்லை.

இனி அம்மாமாரின் பயம். டீட்டை அமெரிக்க இராணுவம் 1946இல் உருவாக்கியது. 1957இல் பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. இவ்வளவு காலம் கோடிக்கணக்கானோர் பூசியிருக்கிறார்கள். ஈ.பி.ஏ. 1998இலும் 2014இலும் திரும்ப ஆராய்ந்து, சொன்னபடி பாவித்தால் கவலைப்பட ஏதுமில்லை என்றது. "சொன்னபடி" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த மருந்தும் பூசக்கூடாது. வண்டிலுக்கு மேல் வலை போடுங்கள். பிள்ளைகளுக்கு 30 வீதத்துக்கு மேல் டீட் வேண்டாம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்து, கண்ணும் வாயும் விட்டுப் பூசிவிடுங்கள். பிள்ளையின் கையில் பூசாதீர்கள், அது வாய்க்குள் போகும். புண்ணிலும் உடுப்புக்கு உள்ளேயும் வேண்டாம். வெயில் கிறீம் பூசுவதென்றால் அது முதலில், நுளம்பு மருந்து பிறகு. வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

டீட் பிளாஸ்டிக்கை உருக்கும். கண்ணாடிச் சட்டம், மணிக்கூடு கவனம். அதன் மணம் பிடிக்காதவர்களுக்கு 20 வீதப் பிகாரிடின் உண்டு. மணம் இல்லை, பிளாஸ்டிக்கையும் பழுதாக்காது. எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் என்று பதிவு இலக்கத்தோடு விற்பதும் நல்லது. ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. அதே பெயரில் சின்னப் போத்தலில் வருகிற வாசனை எண்ணெய் வேறு சாமான், ஏமாறாதீர்கள். பெர்மெத்ரின் உடுப்புக்கு மட்டும், தோலுக்கு அல்ல.

ஊரில் மாலை ஆனதும் பொச்சுமட்டையும் வேப்பிலையும் போட்டுப் புகைத்தோம், இரவில் வலைக்குள் படுத்தோம். அது மலேரியா நுளம்புக்குச் சரி. மலேரியாவை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. அடுத்த வருடம், 2017இல், டெங்கு என்று அங்கே பதிவானவர்கள் 1,86,000க்கு மேல்; இறந்தவர்கள் 400க்கு மேல். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். காலையில் முற்றத்தில் விளையாடுகிற பிள்ளையை இரவு வலை காப்பாற்றாது.

"ஃப்ரீமான்ட்டில எங்க நுளம்பு?" என்று கேட்கலாம். மேற்கு நைல் காய்ச்சல் கலிபோர்னியாவுக்கு 2003இலேயே வந்துவிட்டது. டம்பார்டன் பாலத்துக்கு அந்தப் பக்கம், மென்லோ பார்க்கில், 2013இல் ஏடீஸ் ஈஜிப்டி பிடிபட்டது. வெளிநாடு போகாதவர்களுக்கே டெங்கு வந்ததை 2023இல் தெற்குக் கலிபோர்னியா கண்டது. பூச்சாடித் தட்டில் நிற்கிற தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். நுளம்புத் தொல்லை கூடினால் ஹேவர்டில் இருக்கும் அலமேடா கவுண்டி நுளம்புக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லுங்கள். வந்து பார்ப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். மிஷன் பீக் ஏறுகிறவர்கள் லேபிளில் உண்ணிக்கு எத்தனை மணித்தியாலம் என்றும் பாருங்கள்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அம்மா, டெங்குக்குப் பயப்பிடுங்கோ, அதைக் கொல்ல மருந்து இல்லை. ஸ்பிரேக்குப் பயப்பிட வேண்டாம், அதை வாசிச்சுப் போட்டுப் பூசுங்கோ. ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டமென்றால் பேரப்பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பியுங்கோ. அதுகளுக்கும் பழக்கமாய் வரும். ஒருவரும் இல்லையெண்டால் போத்தலோடு என்னட்ட வாங்கோ.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள். ஊருக்குப் போகிறவர்கள் சுகமாகப் போய்ச் சுகமாக வாருங்கள்.