பிள்ளை மட்டும் டயட் இருக்க முடியாது

பத்து வயதுப் பையனுக்குப் பின்கழுத்து கறுத்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து அம்மா கடலை மாவு போட்டுத் தேய்க்கிறார், போகவில்லை. எடை கூடிய பிள்ளைகளிடம் இந்தக் கறுப்பு, பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். சென்னை குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலோ, தெரிந்த டாக்டரிடமோ, ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆனால் மருந்து பாதிதான். மீதி, வீட்டுக் கடிகாரத்தில் இருக்கிறது. ஓ.எம்.ஆரில் வேலை முடித்து, மேடவாக்கம் நெரிசலைத் தாண்டி அப்பா சேலையூர் வந்து சேர ஒன்பது மணி. அதற்குள் பிள்ளை, ஸ்கூல் வேன் இறங்கியதும் பேக்கரி பப்ஸ், டியூஷனுக்கு முன் பிஸ்கட் என்று முடித்திருக்கும். பிறகு பத்து மணிக்கு எல்லோரோடும் தோசை, எதிரே செல்போன். யூடியூப் ஓடும்போது வயிறு நிறைந்தது தெரிவதில்லை. தூக்கமும் குறைகிறது, தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

பாலில் கலக்கும் மால்ட் பவுடரின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளவையும் உண்டு. குவித்து இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் சீனி இரண்டு ஸ்பூன். டம்ளருக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை, இரண்டு வேளைக்கு 30. பெரியவர்களுக்கே நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பில் இவற்றை விற்க வேண்டாம் என்று 2024இல் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது.

பாட்டி ஊட்டிக் கெடுத்தார் என்று பழிபோடுவது சுலபம். ஆனால் பெரியவர்களின் எடையையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை கூடியவர்கள்; ஆண்களும் அதிகம் பின்தங்கவில்லை. அப்பா மிக்சர் கொறித்துக்கொண்டே மகனிடம் "நீ சாப்பிடாதே" என்றால் யார் கேட்பார்? 'குண்டு' என்று கேலி செய்வதால் எடை இறங்காது. பிள்ளை ஒளித்து வைத்துச் சாப்பிடத்தான் பழகும்.

பிள்ளைக்கு ஒரு மணி நேர ஓட்டம் வேண்டும். அடுக்குமாடியில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு மாட்டியவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குக் குடும்பமாகவே நடக்கலாம். அப்பாவுக்காகக் காத்திராமல், பிள்ளைக்கு எட்டு மணிக்கே சாப்பாடு போடுங்கள், செல்போன் இல்லாமல். அடுத்த மாத மளிகைச் சீட்டில் பிஸ்கட்டை அடித்துவிட்டு, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை எழுதுங்கள். அந்தச் சுண்டலை நீங்களும் சாப்பிடுங்கள்.