ஆடுகளமும் அறமும்

(மாணவர் விளையாட்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நூறு பேர் பயிற்சி பெறும் திடலில் பதக்கம் பெறுவோர் இருவரோ மூவரோதாம். மற்றையோர் வைகறையில் எழுந்து ஓடிய ஓட்டமும் சிந்திய வியர்வையும் வீணோ? வீண் என்றால், ஒரு நாடு தன் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவதே பொருளற்ற செயலாகிவிடும். பதக்கம் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் ஒருங்கே கிட்டக்கூடிய ஊதியம் ஒன்று அங்கே உண்டு. அதுவே பண்பு. அவ்வூதியத்தை இழந்து பதக்கத்தை மட்டும் ஈட்டியவன், நெல்லை எறிந்துவிட்டுப் பதரைக் குதிரில் சேர்த்தவன் ஆவான்.

போட்டி என்பது யாது? ஒரே கோட்டினின்று, ஒரே ஒலி கேட்டு, ஒரே தொலைவை ஓடுவது என எண்மர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடே ஓட்டப்போட்டி. அவ்வுடன்பாட்டை மறைவில் முறித்தவன் போட்டியில் வென்றவன் ஆகான். அவன் அப்போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. சிற்றூர்த் தெருவில் சடுகுடு ஆடும் சிறுவரைப் பாருங்கள். அங்கே நடுவர் இல்லை. பாடி வந்தவன் விரல் தோளிற் பட்டதா இல்லையா என்பது தொடப்பட்டவனுக்கே நன்கு தெரியும். பட்டது என ஒப்பித் தானே வெளியேறும் சிறுவன் இருக்கும் வரையில்தான் அங்கு ஆட்டம் நடக்கும். படவில்லை என ஒருவன் பொய்க்கத் தொடங்கிவிட்டால் அடுத்த நொடியே ஆட்டம் பூசலாக மாறிவிடும். உலகப் பெரும் போட்டிகளின் அடித்தளமும் இச்சிறுவரின் வாய்மையே.

அவ்வடித்தளத்தைப் பெயர்த்தவர்க்கு நேர்ந்தது யாது? 1988 ஆம் ஆண்டு, செபுதம்பர் 24 ஆம் நாள், சியோல் நகரில் நடந்த ஒலிம்பிக்கு விழாவில் கனடா நாட்டுப் பென் சான்சன் 100 மீட்டர் தொலைவை 9.79 நொடியில் ஓடி முடித்தார். உலகமே எழுந்து நின்று ஆரவாரித்தது. மூன்றே நாளில் அவருடைய பொற்பதக்கம் பறிக்கப்பட்டது. சிறுநீர் ஆய்வில் ஊக்கமருந்து வெளிப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு கனடாவில் நடந்த உசாவலில் அவருடைய பயிற்றுநரே உண்மையை ஒப்பினார். 1981 ஆம் ஆண்டு முதலே அம்மருந்து கொடுக்கப்பட்டு வந்தது என்பது வெளியாயிற்று. 1987 இல் அவர் நிலைநாட்டியிருந்த உலக அருவினையும் ஏட்டினின்று நீக்கப்பட்டது.

இதிற் கருதத் தக்கது ஒன்றுண்டு. 1981 இல் பென் சான்சன் 19 அகவை இளைஞர். கற்றுக்கொடுக்க வேண்டிய கையே அவரிடம் நஞ்சை நீட்டியது. வாங்கியவர் குற்றம் வாங்கியவர்க்கு உண்டு. நீட்டியவர் குற்றம் அதனினும் பெரிது. இளையோரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூத்தோரின் ஒழுக்கத்தையும் உடன்வைத்தே பேசுதல் வேண்டும்.

2001 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிறுவர்க்கான அடிபந்தாட்ட உலகப் போட்டி நடந்தது. 12 அகவைக்கு மேற்பட்டோர் அதில் ஆடலாகாது. நியூயார்க்கு நகரக் குழுவில் பந்தெறிந்த சிறுவன் ஒருவன் எதிரணியினரைத் திணறடித்தான். ஏடுகள் அவனைக் கொண்டாடின. பின்னரே அவன் அகவை 14 என்பது தெரிய வந்தது. 1987 இல் பிறந்தவனை 1989 இல் பிறந்தவனாகக் காட்டிய சான்றிதழ் மூத்தோர் செய்த பொய். அக்குழு பெற்ற வெற்றிகள் அனைத்தும் செல்லாதனவாயின. பொய் சொன்னவர் மூத்தோர்; உலகத்தார் முன் தலைகுனிந்து நின்றவன் சிறுவன்.

இக்கேடு கடல்கடந்த நாடுகளோடு நின்றுவிடவில்லை. இந்தியாவிலும் அகவைப் பொய்யைத் தடுக்கவெனத் தனி நெறிமுறை வகுக்க வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. விளையாட்டுச் சான்றிதழ் ஒன்று கல்லூரியில் இடமும் அலுவலகத்தில் வேலையும் பெற்றுத்தரும் என்னும் நிலையில், பெற்றோர் சிலர் பிறந்த நாளைத் திருத்தத் துணிகின்றனர். அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 16 அகவையான் 14 அகவையானாய்ப் புகும்போது, உண்மையிலேயே 14 அகவையுடைய ஏழைச் சிறுவன் ஒருவன் குழுவினின்று வெளியே தள்ளப்படுகின்றான். தனக்குத் திறம் போதவில்லை என்றெண்ணி அவன் ஆட்டத்தையே விட்டுவிடுகின்றான். எவனிடம் தோற்றான் என்பது கூட அவனுக்குத் தெரியாது. ஏட்டில் திருத்திய ஓர் எண், முகமறியா ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் திருடிவிடுகின்றது.

இனி, மறுபுறத்தைக் காண்க. 1956 ஆம் ஆண்டு, மார்ச்சு மாதம், மெல்போர்ன் நகரில் ஆத்திரேலிய நாட்டுப் போட்டி. ஒரு மைல் தொலைவை நான்கு மணித்துளிக்குள் ஓடிய இரண்டாம் மாந்தர் என 1954 இலேயே புகழ்பெற்றிருந்த சான் இலாண்டி ஓடுகின்றார். மூன்றாம் சுற்றில், அவருக்கு முன்னே ஓடிய 19 அகவை இளைஞர் இரான் கிளார்க்கு கால் இடறி வீழ்ந்தார். அவரைத் தாண்டிக் குதித்த இலாண்டியின் ஆணிச்செருப்பு அவர் மேற் பட்டுவிட்டது. இலாண்டி நின்றார், திரும்பி வந்தார், வீழ்ந்தவரின் நலம் உசாவினார். ஓடுக எனக் கிளார்க்கு சொன்ன பின்னரே மீண்டும் ஓடினார். வெகு தொலைவு முன்சென்றுவிட்டவரை எல்லாம் எட்டிப் பிடித்து அப்போட்டியை வென்றும் காட்டினார்.

அவ்வாண்டே மெல்போர்னில் நடந்த ஒலிம்பிக்கு விழாவில் வீரர் அனைவர் சார்பிலும் உறுதிமொழி கூறியவர் இலாண்டி. விழாத் தீயை ஏற்றியவர் கிளார்க்கு. அந்நகரில் இன்று சிலையாக நிற்பது, இலாண்டி குனிந்து கிளார்க்கைத் தூக்கும் அந்தக் காட்சியே. அருவினைகளைப் பின்வந்தோர் முறியடித்துவிட்டனர். அந்த ஒரு நொடியின் அருளை முறியடிப்பார் இலர்.

இத்தகைய பண்பு தமிழகத்துப் பிள்ளைகட்கும் அயலானதன்று. 2024 ஆம் ஆண்டு திசம்பர் 12 ஆம் நாள், சிங்கப்பூரில் சீனத்துத் திங்கு இலீரனை வென்று, சென்னையைச் சேர்ந்த 18 அகவைக் குகேசு சதுரங்க உலக முதல்வரானார். கண்ணீர் பெருகிய அந்த வேளையிலும் அவர் கை, காய்களை ஒவ்வொன்றாய் எடுத்துத் தத்தம் கட்டங்களில் முறைப்படி அடுக்கியது. தோற்றவரையும் அவர் உயர்த்தியே பேசினார். வெற்றி தலைக்கேறாமல் காத்தது அவர் கொண்டிருந்த ஒழுங்கே.

ஒழுக்கமுடைமைக்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. அவ்வுடைமை விழா நாளில் திடீரெனத் தோன்றுவதன்று. நாளும் பழகினால் வருவது. நடுவர் காணாத பிழையைத் தானே ஒப்புதல், தோற்ற நாளில் எதிரியின் கையை முதலிற் பற்றுதல், வென்ற நாளில் தோற்றவர் முன் குதியாட்டம் போடாமை, தன்னினும் மெலிந்த தோழனுக்குப் பயிற்சியில் துணைநிற்றல், எவர் நீட்டினும் மருந்தை மறுத்தல் - இவையும் ஓட்டமும் தாண்டலும் போல நாள்தோறும் செய்ய வேண்டிய பயிற்சிகளே.

இளையோரே! கால்களின் விரைவு முப்பது அகவைக்கு மேல் தளரத் தொடங்கும். தோள்களின் வலிமையும் ஒருநாள் குன்றும். திடலில் பழகிய நேர்மையோ அலுவலகத்திலும் கழனியிலும் இல்லத்திலும் இறுதிவரை உடன்வரும். பெற்றோரே, பயிற்றுநர்களே! மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் வென்றாயா எனக் கேட்பதற்கு முன், நேர்மையாக ஆடினாயா எனக் கேளுங்கள். அவ்வினாவிற்குத் தலைநிமிர்ந்து விடை சொல்லும் பிள்ளையே நாட்டிற்கு வேண்டிய வீரன்.