நின்றவர் வென்றார்

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப். போட்டி நெருங்கிய வேளையில் அவர் காலில் காயம். அதற்கு உட்கொண்ட மருந்து வயிற்றைக் கெடுத்தது. உண்டது உடலில் ஒட்டவில்லை. 42 கிலோமீட்டர் ஓட்டத்தில் 36ஆவது கிலோமீட்டர் அருகே நின்றுவிட்டார். சாலையோரம் அமர்ந்து அழுதார். பாதியில் விட்டாரே என்று சிலர் ஏசவும் செய்தனர். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானிலும், 2005இல் ஹெல்சிங்கி உலகப் போட்டியிலும் அவரே முதலிடம் பெற்றார்.

பெற்றோர்களே, ஓடும் பிள்ளை நொண்டினால், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு என்று விரட்டாதீர்கள். காலுக்கு ஓய்வு கொடுங்கள். வலியும் வீக்கமும் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் தேறினால் அடுத்த ஓட்டம் உண்டு.