கரியிழையும் ஒரு கோழியும்



களிமண்ணொடு வைக்கோலைப் பிசைந்து சுவரெழுப்பிய உழவன் கண்ட உண்மையே கூட்டுப்பொருள் என்பதன் அடிப்படை. மண் தனித்து நின்றால் வெடிக்கும். வைக்கோலோ தனித்து நிற்கவே நிற்காது. இரண்டுங் கூடியவிடத்துத் தனியே எதிலுமில்லாத வலிமை தோன்றும். கரியிழையைப் பிசினில் தோய்த்துப் படிமேற் படியாக அடுக்கி, வெம்மையும் அழுத்தமுங் கொடுத்து இறுக்குவதும் அவ்வகைத்தே. எஃகினும் எடை மிகக் குறைவு; இழையோடும் திசையில் இழுத்தாலோ உறுதி எஃகையும் விஞ்சும்.

வலிமிக்க கரியிழை செய்யும் முறையொன்று 1960-களில் இங்கிலாந்தின் பார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் உருப்பெற்றது. தார்பி நகரத்து உரோல்சு இராய்சு நிறுவனம் அதனை இறுகப் பற்றிக்கொண்டது. 1968 மார்ச்சில் அமெரிக்க இலாக்கீடு நிறுவனத்தின் மூன்றுபொறி வானூர்திக்கு ஆர்.பி. 211 என்னும் பொறியைக் குறித்த விலைக்குச் செய்து தருவதாக ஒப்பந்தமும் செய்தது. பொறியின் முகத்தே சுழலும் பெருவிசிறியின் அலகுகளைக் கரியிழையால் ஆக்குவதென்பது திட்டம். சுழலும் அலகு வெளிநோக்கி இழுக்கும். அலகின் எடை குறைந்தால், அதனைப் பற்றிநிற்கும் வட்டின் எடையும், அது முறிந்து பறந்தால் தடுக்க வேண்டிய உறையின் எடையும் உடன் குறையும். கணக்கு பிழையற்றதே!

ஆனால், வானில் பறவைகளும் உண்டல்லவா? 1970 மேத் திங்களில், சுழலும் விசிறியின்மேல் கோழியொன்றின் உடலை விசையுடன் எறிந்து ஆய்ந்தனர். அலகுகள் சிதறின. மாழையாலான அலகு அடிபட்டால் வளையும், நெளியும். அந்நெளிவிலேயே அடியின் வேகத்தை விழுங்கிக்கொள்ளும். கரியிழைக்கு நெளியத் தெரியாது. நீளவாட்டில் இழுத்தால் அசையாத அப்பொருள், பக்கவாட்டில் அறைந்தால் படிபடியாகப் பிளக்கும். படிகளை ஒட்டிநிற்பது பிசினேயன்றி இழையன்று.

இவ்வலகு ஒன்றே நிறுவனத்தை வீழ்த்திற்று என்பார் கூற்று மிகை. மாற்றாகத் தைத்தானிய அலகும் முன்னரே உருவாகிவந்தது. எனினும், 1970 செப்டம்பரில் ஆக்கச்செலவு 17 கோடிப் பவுண்டைத் தொட்டது. முதலில் மதிப்பிட்டதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! விற்கும் விலையினும் செய்யும் செலவு மிகுந்தது. 1971 பிப்பிரவரி 4-ஆம் நாள் நிறுவனம் நொடித்தது. தனியார் தொழிலையே போற்றிய ஈத்து அவர்களின் ஆட்சி அதனை அரசுடைமையாக்க நேர்ந்தது. ஆய்ந்து முடியாத பொருளை நம்பி விலையையும் நாளையும் முன்னரே எழுதிக்கொடுத்தாரே, பிழை அங்குத்தான். கரியிழை என்ன செய்யும்?

1972 ஏப்பிரலில் அவ்வானூர்தி தைத்தானிய அலகுகளோடேயே பயணிகளை ஏற்றிப் பறந்தது.

கரியிழையின் கதையோ முடியவில்லை. அமெரிக்கச் செனரல் எலக்ட்ரிக்கு நிறுவனத்தின் சி.இ. 90 பொறி, 1995-இல் கூட்டுப்பொருள் அலகுகளுடன் போயிங்கு 777 வானூர்தியில் பணிக்கு வந்தது. இழையும் தேர்ந்தது, பிசினும் எளிதிற் பிளவாத வகையினது. அலகுகள் அகன்றன, ஆர்.பி. 211-இல் 33 இருந்தவிடத்து இதில் 22 போதுமாயின. பறவை முதலில் மோதும் முன்விளிம்பிலோ, தைத்தானியத் தகடு போர்த்தப்பட்டது. அடியை மாழை தாங்க, இழுப்பை இழை தாங்கிற்று.

அதே தார்பியில், 2023-இல், உரோல்சு இராய்சின் 'அல்ட்ராபேன்' ஆய்வுப்பொறி முதன்முறையாக ஓடியது. அதன் விசிறியலகுகள் கரியிழையாலானவை. அவற்றின் முன்விளிம்பிலும் தைத்தானியமே.